பிப் மேன்முறையீடு: எந்தக் காகிதம் எடுபடும், எது எடுபடாது?

கிழக்கு இலண்டனில் சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தொண்டர்களில் நானும் ஒருவன். வழக்கறிஞர் அல்ல. நோயாலோ உடற்குறைபாட்டாலோ அன்றாட வேலைகளில் சிரமப்படுபவர்களுக்குப் பிரித்தானிய அரசு தரும் தனிநபர் சுயாதீனக் கொடுப்பனவைத்தான் எல்லோரும் ‘பிப்’ என்கிறார்கள். அது மறுக்கப்பட்டவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள், கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ஆஸ்பத்திரிக் கடிதங்களோடு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்தில் கொடுப்பனவின் பெயரும் காலக்கெடுக்களும் வேறு. ஓய்வூதிய வயதுக்குப் பிறகு முதன்முறையாக விண்ணப்பிப்பவர்களுக்கு பிப் கிடையாது, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்தான். ஆனால் ஆதாரம் திரட்டும் முறை அதற்கும் பெரும்பாலும் இதேதான்.

இவ்வளவு ஆஸ்பத்திரிக் கடிதங்கள் கொடுத்தும் ஏன் சுழியம் போட்டார்கள்?

அந்தக் கடிதங்கள் உங்களுக்கு என்ன வருத்தம், அதாவது என்ன நோய், என்று சொல்கின்றன. பிப்பில் வருத்தத்தின் பெயருக்குப் புள்ளி இல்லை. அந்த வருத்தத்தால் எதைச் செய்ய முடியவில்லை என்பதற்குத்தான் புள்ளி. சமைப்பது, சாப்பிடுவது, மருந்து எடுப்பது, குளிப்பது, கழிப்பறை, உடை மாற்றுவது, பேசிப் புரிந்துகொள்வது, வாசிப்பது, ஆட்களோடு பழகுவது, பணக்கணக்குப் பார்ப்பது என்று அன்றாட வாழ்வுக்குப் பத்துச் செயல்கள். வழி கண்டுபிடித்துப் போவது, நடப்பது என்று நடமாட்டத்துக்கு இரண்டு. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக 8 புள்ளி வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடிய தொகை.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒரு செயலை எப்படியோ செய்து முடித்துவிட்டால் ‘செய்ய முடியும்’ என்று கணக்கிடக் கூடாது. பாதுகாப்பாக, ஏற்கத்தக்க விதத்தில், தேவையான தடவை திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். 2013-ஆம் ஆண்டின் பிப் விதிகளில் இது எழுதியே இருக்கிறது. நியாயமான நேரம் என்றால், அந்தக் குறைபாடு இல்லாத ஒருவர் அதிகபட்சம் எடுக்கக்கூடிய நேரத்தின் இரு மடங்குக்குள். ஆகவே ‘ஒஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ், இரு முழங்கால்களும்’ என்று கொன்சல்டன்ட் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தைவிட, ‘குளித்து முடிக்க 50 நிமிடம் எடுக்கிறது, அதன்பின் ஒரு மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறது’ என்ற ஒரு வரி சில வேளைகளில் அதிக வேலை செய்யும்.

முதலில் ஆதாரம் சேர்ப்பதா, மேன்முறையீடு போடுவதா?

போட்டுவிட்டுச் சேருங்கள். முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள், பிப்பை முடிவு செய்யும் அரசுத் துறையான டி.டபிள்யூ.பி.யிடம் கட்டாய மீள்பரிசீலனை, அதாவது முடிவைத் திரும்பப் பார்க்கும்படி, கேட்க வேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால், அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு. இணையத்திலும் போடலாம், எஸ்.எஸ்.சி.எஸ்.1 படிவத்திலும் போடலாம், கட்டணம் இல்லை. டாக்டரின் கடிதம் வரட்டும் என்று காத்திருந்து தேதியைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘ஆதாரம் பின்னர் அனுப்புவேன்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். தவறவிட்டாலும் தகுந்த காரணம் காட்டி 13 மாதம் வரை கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

போன மாதம் கீழே விழுந்து இன்னும் மோசமாகிவிட்டது. அதையும் சொல்லலாமா?

தீர்ப்பாயம் பார்ப்பது டி.டபிள்யூ.பி. முடிவெடுத்த நாளில் உங்கள் நிலை எப்படி இருந்தது என்பதை மட்டும். அதன்பின் வந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்கச் சட்டமே அனுமதிக்காது. அதற்காக, முடிவுக்குப் பின் எழுதப்பட்ட கடிதம் செல்லாது என்று நினைத்துவிடாதீர்கள். இன்று எழுதிய கடிதம் அன்றைய நிலையைப் பேசினால் செல்லும். டாக்டரிடம் கேட்கும்போது முடிவுத் தேதியைச் சொல்லி, ‘அந்தக் காலத்தில் நீங்கள் என்னைப் பார்த்தபோது எப்படி இருந்தேன் என்று எழுதுங்கள்’ என்று கேளுங்கள். புதிதாக மோசமானதற்குப் புது விண்ணப்பம் போடுவதா, எப்போது போடுவது என்பதை, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடத்தில் கேட்டுவிட்டே செய்யுங்கள். வழக்கு நடக்கும்போது அவசரப்பட்டால் சிக்கலாகும்.

எந்தக் காகிதத்திலிருந்து தொடங்குவது?

பிப்புக்காக டி.டபிள்யூ.பி. சார்பில் உங்களைப் பரிசோதித்தவர் எழுதிய அறிக்கையிலிருந்து. பி.ஏ.4 என்பார்கள். டி.டபிள்யூ.பி.க்குப் போன் பண்ணிக் கேட்டால் பிரதி அனுப்புவார்கள். மேன்முறையீடு போட்ட பின் தீர்ப்பாயம் அனுப்பும் பெரிய கட்டிலும், அதாவது பண்டிலிலும், அது இருக்கும். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, தவறான ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறி போடுங்கள். எந்த வரி உங்கள் புள்ளியைத் தின்றதோ அந்த வரிக்குத்தான் ஆதாரம் தேட வேண்டும். மற்றதெல்லாம் தபால் செலவு.

ஓர் உதாரணம். முடக்குவாதத்தால் இரண்டு கை விரல்களும் வளைந்துபோன ஓர் அன்ரி வந்தார். அறிக்கையில் ‘தானே சமைப்பதாகக் கூறினார்’ என்று இருந்தது. புள்ளி சுழியம்.

“அன்ரி, இப்பிடிச் சொன்னனீங்களோ?”

“ஓம் தம்பி, நான்தானே சமைக்கிறனான். சமாளிக்கிறன்.”

“நேற்றைக்கு என்ன சமைச்சனீங்கள்? முதலிலயிருந்து சொல்லுங்கோ.”

மகன் வேலைக்குப் போகுமுன் அரிசியைக் கழுவி, தண்ணீர் அளந்து, ரைஸ் குக்கருக்குள் வைத்துவிட்டுப் போகிறான். பதினொரு மணிக்கு அன்ரி பொத்தானை அழுத்துகிறார். கறி, ஞாயிற்றுக்கிழமை மகள் கொண்டுவந்து பெட்டி பெட்டியாக ஃபிரிட்ஜில் வைத்தது. அன்ரிக்குத் திறக்க வராது என்று மகள் மூடிகளை இறுக்கி மூடுவதே இல்லை. அதில் ஒன்றை எடுத்து மைக்ரோவேவில் வைக்கிறார். இதுதான் ‘நான்தான் சமைக்கிறனான்’. வெங்காயம் கடைசியாக எப்போது வெட்டினீர்கள் என்று கேட்டேன். யோசித்து, “மூத்தவளின்ர கலியாணத்துக்கு முதல்” என்றார். அதாவது நாலு வருடம்.

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு ‘என்னால் ஏலாது’ என்று சொல்வது தோல்வியை ஒத்துக்கொள்வது மாதிரி. ‘சமாளிக்கிறன்’, ‘பரவாயில்லை’ என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. பரிசோதகரின் காதில் இரண்டும் ‘உதவி தேவையில்லை’ என்றே விழும். அன்று நாங்கள் சேர்த்த ஆதாரம் மகனுடைய அறிக்கை, மகளுடைய அறிக்கை, ஃபிரிட்ஜுக்குள் அடுக்கியிருந்த பெட்டிகளின் படம். ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றே ஒன்றுதான், விரல்களின் பிடிப்பலம் பற்றியது.

ஜிபி (குடும்ப டாக்டர்) கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

பெரும்பாலும் கிடைப்பது இப்படி இருக்கும்: ‘இவர் என் நோயாளி. நீரிழிவு, முதுகுவலி, மனச்சோர்வு உள்ளது. இவரது மேன்முறையீட்டை ஆதரிக்கிறேன்.’ இதனால் பயனில்லை. வருத்தங்கள் இருப்பதை டி.டபிள்யூ.பி. மறுக்கவே இல்லை, ஆதரவும் ஆதாரம் அல்ல.

வேலை செய்யும் கடிதம் வேறு மாதிரி: ‘காத்திருப்பு அறையிலிருந்து என் அறைக்குச் சுமார் 15 மீட்டர். அதற்குள் இரண்டு முறை சுவரைப் பிடித்து நின்றார். முழங்காலை மடக்க முடியாததால் இடுப்புக்குக் கீழே தானே கழுவுவது கடினம் என்று அவர் சொல்வது என் பரிசோதனையோடு ஒத்துப்போகிறது. அவர் எடுக்கும் இரு மருந்துகளுக்கும் தூக்கக் கலக்கம் பக்கவிளைவு.’ டாக்டர் கண்ணால் பார்த்தது ஒன்று, மருத்துவ அறிவால் ஒப்புக்கொள்வது ஒன்று. இவை இரண்டுக்கும் மதிப்பு உண்டு.

உங்கள் ஜிபி நீங்கள் குளிப்பதைப் பார்த்ததில்லை. ஆகவே ‘ஒரு கடிதம் தாருங்கோ’ என்று வெறுங்கையோடு போகாதீர்கள். மூன்று நான்கு கேள்விகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று நினைக்கிறீர்கள், நடந்தபின் என்ன ஆகும், மருந்துகளின் விளைவு என்ன, இது எத்தனை மாதமாக இருக்கிறது? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். முன்னே மூன்று மாதம் இருந்திருக்க வேண்டும், பின்னே ஒன்பது மாதம் நீடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி.

ஜிபியைவிட நல்ல சாட்சிகளும் உண்டு. வீட்டுக்கே வந்து, குளியல் தொட்டியின் உயரத்தை அளந்து, கைப்பிடிக் கம்பி போடச் சொன்ன ஓ.டி.யின் (தொழில்வழிச் சிகிச்சையாளரின்) அறிக்கை தங்கம். பிசியோ, மாவட்டத் தாதி, கவுன்சிலின் பராமரிப்புத் திட்டம் எல்லாம் அந்த வகைதான். வீட்டில் கம்பி இருக்கிறது, ஆனால் யார் போட்டது என்ற காகிதம் இல்லை என்றால் கவுன்சிலிடம் கேளுங்கள். பதிவு அங்கே இருக்கும்.

ஜிபி எழுத மாட்டேன் என்கிறார், அல்லது காசு கேட்கிறார்.

ஆதரவுக் கடிதம் எழுத அவர் கடமைப்பட்டவர் அல்ல, கட்டணமும் கேட்கலாம். ஆனால் உங்கள் மருத்துவப் பதிவுகளின் பிரதி உங்கள் உரிமை. தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள், இலவசமாகத் தர வேண்டும். கடைசி இரண்டு ஆண்டுக்கானதைக் கேளுங்கள். வந்ததும் முழுவதையும் தூக்கி அனுப்பாமல் வாசியுங்கள். ‘மகளுடன் வந்தார், மகளே பேசினார்’, ‘மருந்தின் அளவு கூட்டப்பட்டது’, ‘வீட்டில் விழுந்ததாகக் கூறினார்’ போன்ற வரிகளுக்கு மஞ்சள் கோடு போட்டு, அந்தப் பக்கங்களை முன்னால் வையுங்கள்.

நாட்குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

இரண்டு வாரம் போதும். ‘இன்று மிகவும் கஷ்டம்’ என்று பதினான்கு நாள் எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. இப்படி எழுதுங்கள்:

‘செவ்வாய். 7.10-க்கு எழும்பினேன். கட்டிலை விட்டு இறங்க 20 நிமிடம், அவர் கை கொடுத்தார். சேட் பட்டன் போட முடியவில்லை, டீசேட் போட்டேன். கடைக்கு வெளிக்கிட்டு, மூன்றாம் வீட்டு மதிலில் இருந்துவிட்டுத் திரும்பினேன். பின்னேரம் வரை படுக்கை. குளிக்கவில்லை.’

‘புதன். நல்ல நாள். நானாக எழும்பினேன். குளித்தேன், ஸ்டூலில் இருந்து. முதுகு தேய்க்க அவர் வந்தார்.’

நல்ல நாளையும் எழுதுங்கள். அது இருந்தால்தான் மற்றதை நம்புவார்கள். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எது உங்கள் நிலை என்பதே விதியின் கேள்வி. வாரத்தில் நாலு நாள் ஏலாது என்றால் மூன்று நல்ல நாள் உங்களைக் கவிழ்க்காது.

நடைக்கு மீட்டர் வேண்டும். நாங்கள் மீட்டரில் யோசிப்பதில்லை, ஆகவே ஒரு வழி சொல்கிறேன். இலண்டன் இரட்டைத் தட்டுப் பஸ் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். விதியில் வரும் 20 மீட்டர் என்பது இரண்டு பஸ்ஸுக்கும் குறைவு, 50 மீட்டர் என்பது ஐந்து பஸ்ஸுக்குக் குறைவு. ‘பஸ் தரிப்புக்கு நடப்பேன்’ என்று படிவத்தில் எழுதுமுன், உங்கள் பஸ் தரிப்பு எவ்வளவு தூரம் என்று போன் வரைபடத்தில் பாருங்கள். இடையில் எத்தனை தடவை நிற்கிறீர்கள், போய்ச் சேர்ந்தபின் திரும்ப உடனே நடக்க முடியுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

குடும்பத்தவர் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு உண்டா?

உண்டு. தீர்ப்பாயம் அதைத் தள்ளிவிட முடியாது. எவ்வளவு நம்புவது என்றுதான் எடைபோடும். ‘அம்மா படாத பாடு படுகிறா’ என்பதில் எடை இல்லை. ‘காலையில் வேலைக்குப் போகுமுன் அம்மாவின் காலுறையை நான் மாட்டுகிறேன், பிந்திப் போனதற்காக மே மாதம் வேலையிடத்தில் எச்சரிக்கை வாங்கினேன்’ என்பதில் இருக்கிறது. எழுதுபவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார், தான் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று எழுதி, கையொப்பமும் தேதியும் போட வேண்டும். மூன்று பேர் ஒரே வசனத்தை எழுதி அனுப்பினால் மூன்றும் சேர்ந்தே கெடும். இதைப் பலமுறை பார்த்தாயிற்று.

மனவருத்தத்துக்கு என்ன ஆதாரம் காட்டுவது? டாக்டரிடமே சொல்லவில்லை.

இதுதான் எங்கள் சமூகத்தில் கடினமான கேள்வி. யுத்தத்தில் பார்த்ததையும் பட்டதையும் இருபது வருடமாக ஜிபியிடம் சொல்லாமல், தலையிடி, நெஞ்செரிவு, நித்திரையின்மை என்று மட்டும் சொல்லி மருந்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ‘விசர்’ என்ற சொல்லுக்குப் பயம். பதிவில் ஒன்றும் இல்லாவிட்டால் பரிசோதகர் ‘சிகிச்சை இல்லை, ஆகவே தீவிரம் இல்லை’ என்று எழுதுவார்.

முதலில், இனியாவது சொல்லுங்கள், வேண்டுமானால் உரைபெயர்ப்பாளர் கேட்டுச் சொல்லுங்கள். சொன்ன தேதி முடிவுக்குப் பின்னதாக இருந்தாலும், எப்போதிலிருந்து இருக்கிறது என்று டாக்டர் எழுதலாம். அடுத்து, குப்பை என்று நினைக்கும் காகிதங்களைத் தேடுங்கள். வரத் தவறியதால் ஆஸ்பத்திரி அனுப்பிய ‘நீங்கள் வரவில்லை’ கடிதங்கள், திறக்காமல் கிடந்த மின்சாரக் கட்டணக் கடிதங்கள், பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்கு எப்போதும் மனைவி மட்டும் போனதைச் சொல்லும் ஆசிரியரின் மின்னஞ்சல். தனியே வெளியே போகாததற்கும், ஆட்களோடு பழக முடியாததற்கும் இவை சாட்சி. அகதி வழக்குக்காக முன்பு எழுதப்பட்ட மருத்துவ அறிக்கை இருந்தால் அதையும் பாருங்கள். பழையது என்றாலும் காரணத்தை நிறுவும். ஆனால் அதில் உள்ளதைத் தீர்ப்பாயத்தில் மூன்று அந்நியர்கள் வாசிப்பார்கள், டி.டபிள்யூ.பி.க்கும் பிரதி போகும். கொடுப்பதா இல்லையா என்பது உங்கள் முடிவு.

வலிப்பு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. பாதி நாள் விதியில் அடிபட்டுப்போகுமா?

அவசியம் இல்லை. எப்போது வரும் என்று தெரியாதபோது அடுப்பருகே நிற்பது எந்த நாளிலும் பாதுகாப்பு அல்ல. 2017-இல் மேல் தீர்ப்பாயம் இதை விளக்கியது: ஆபத்து நடக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருக்க வேண்டியதில்லை, நடந்தால் எவ்வளவு பாரதூரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே வலிப்பு வந்த தேதிகள், முன்னறிகுறி இருந்ததா, கண்டவர் யார், அம்பியுலன்ஸ் பதிவு, சுடுபட்ட தழும்பின் படம். இவற்றைச் சேர்க்க வேண்டும்.

கலியாண வீட்டுப் படம் முகநூலில் இருக்கிறது. ஊருக்கும் போய் வந்தேன். பிரச்சினையா?

விளக்காமல் விட்டால் பிரச்சினை. பட்டுச்சேலையோடு சிரித்து நிற்கும் படத்தை எடுத்தவுடன் ஒளிக்கப் பார்க்கிறார்கள். ஒளிப்பதைவிட, அந்தச் சேலையை யார் கட்டிவிட்டது, பிளவுஸ் கொக்கியை யார் பூட்டியது, எத்தனை மணி நேரம் கதிரையில் இருந்தீர்கள், அடுத்த மூன்று நாள் எப்படிக் கிடந்தீர்கள் என்று எழுதுங்கள். ஊர்ப் பயணமும் அப்படித்தான். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி பதிவு செய்த மின்னஞ்சல் இருக்கும், தேடி எடுங்கள். பலர் அதை வைத்துக்கொண்டே ‘ஆதாரம் ஒன்றும் இல்லை’ என்கிறார்கள்.

பதிவுகளில் உங்களுக்கு எதிரான வரி இருந்தாலும் இதே வழிதான். எந்தச் சூழ்நிலையில் அது எழுதப்பட்டது என்று சொல்லுங்கள். காகிதத்தில் எதையும் திருத்தாதீர்கள்.

எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அதற்குப் புள்ளி வருமா?

வராது. வாசிப்பதும் பேசுவதும் உங்கள் தாய்மொழியில் முடிகிறதா என்பதே விதி. தமிழில் வாசிக்க முடியாத அளவுக்குப் பார்வையோ புரிதலோ பாதிக்கப்பட்டிருந்தால்தான் புள்ளி. தமிழில் எழுதிய நாட்குறிப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மூலத்தோடு சேர்த்து, மொழிபெயர்த்தவர் பெயரையும் போட்டு அனுப்புங்கள். விசாரணைக்கு உரைபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே இலவசமாகத் தரும். படிவத்தில் கேட்கும்போது இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்று எழுதுங்கள். ‘ஏலாது’ என்றால் விளங்காமல் விழித்த உரைபெயர்ப்பாளரை ஒருமுறை கண்டிருக்கிறேன். பரிசோதனையின்போது மருமகளை உரைபெயர்க்க வைத்தீர்களா? மாமனாரின் கழிப்பறைச் சிரமத்தை அவள் எப்படிச் சொல்லியிருப்பாள்? அறிக்கை பிழைத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதையும் எழுதுங்கள்.

காகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கச் சொல்லலாமா, நேரில் போக வேண்டுமா?

முடிந்தால் போங்கள், அல்லது தொலைபேசி, வீடியோ விசாரணை கேளுங்கள். விசாரணைவரை போகும் பிப் வழக்குகளில் பாதிக்கு மேல் விண்ணப்பித்தவருக்குச் சாதகமாகவே பல ஆண்டுகளாக முடிந்துவருகின்றன, காகிதத்தில் மட்டும் முடிபவற்றில் வெற்றி குறைவு. நீதிபதி, டாக்டர், உடற்குறைபாடு பற்றிய அனுபவமுள்ள ஒருவர் என மூன்று பேர் இருப்பார்கள். உங்கள் வாய்மொழியும் ஆதாரம்தான், சில வேளை அதுவே பெரிய ஆதாரம். ஒரு எச்சரிக்கை: ஏற்கனவே கொஞ்சம் புள்ளி கிடைத்திருந்தால், தீர்ப்பாயம் அதைக் குறைக்கவும் முடியும். கூடுதலாகக் கேட்டு மேன்முறையீடு செய்பவர்கள் முதலில் ஆலோசனை பெறுங்கள்.

ஆதாரங்களை விசாரணை நாளில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். கிடைத்தவுடன், வழக்கு எண்ணை ஒவ்வொரு பக்கத்திலும் எழுதி, தீர்ப்பாயத்துக்கு அனுப்பிவிட்டுப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் வந்தது என்றால் சில பிரதிகளோடு போங்கள், ஆனால் வழக்கைத் தள்ளிவைக்கவும் கூடும்.

தோற்றுவிட்டால்?

தீர்ப்பு கிடைத்து ஒரு மாதத்துக்குள் முழுமையான காரணங்களை எழுத்தில் கேளுங்கள். அது இல்லாமல் மேல் தீர்ப்பாயத்துக்குப் போவது மிகவும் கடினம். அங்கே சட்டப் பிழை மட்டுமே பேசப்படும், புதிய ஆஸ்பத்திரிக் கடிதம் உதவாது. காரணங்கள் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள சட்ட மையத்துக்கோ சிட்டிசன்ஸ் அட்வைஸுக்கோ போங்கள். பண்டிலையும் முழுதாகக் கொண்டுபோங்கள், பையோடு.